இளவரசனின் எட்டுப் பாட்டையும் கேட்டவர்கள்

என் தம்பி இளவரசனைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அந்தக் கறுப்புப் பெட்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும். வேலூர் காலேஜில் கெமிஸ்ட்ரி படிக்கப் போனவன், மூன்றாம் வருஷம் லீவுக்கு வரும்போது தோளில் ஒரு நீளப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினான். மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடிக்கு மருந்தடிக்கிற மெஷின் வாங்கி வந்திருக்கிறான், படிப்பு வீண் போகவில்லை என்று எங்கள் அப்பா சந்தோஷப்பட்டார். நடுவீட்டில் வைத்துத் திறந்தான். உள்ளே ரத்தச் சிவப்பில் ஒரு கிட்டார். அப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். டேங்க் எங்கே என்று கேட்டார். டேங்க் கிடையாது என்றான். அப்பா மாட்டை ஓட்டிக்கொண்டு கழனிக்குப் போய்விட்டார். சாகிறவரை அந்தப் பெட்டியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. மழைக் காலத்தில் மட்டும், அது ஒழுகாத இடத்தில் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்.

எங்கள் ஊர் கண்ணமங்கலத்திலிருந்து மலைப்பக்கமாக உள்ளே தள்ளி இருக்கிறது. நான் சொந்தத் தாய்மாமனுக்கே வாழ்க்கைப்பட்டதால் பிறந்த தெருவை விட்டுப் போகவில்லை. இளவரசன் போனான். பெங்களூரில் ஒரு ராக் பேண்டில் சேர்ந்து முப்பத்திரண்டு வருஷம் வாசித்தான். அந்தக் குழுவுக்கு ஓர் இங்கிலீஷ் பேர். இடி விழுந்த மரம் என்று அர்த்தமாம். அவன் மகன் கோகுலகிருஷ்ணன் பிறந்தபோது பார்க்கப் போன என்னை ஒரு கச்சேரிக்குக் கூட்டிப் போனார்கள். நடுவில் ஒருவர் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு கத்திப் பாடினார். என் தம்பி இடது பக்கத்தில் நின்று, குனிந்த தலை நிமிராமல் வாசித்தான். வாயே திறக்கவில்லை. கீழே ஆயிரம் பிள்ளைகள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். சாமி வந்துவிட்டது என்று நினைத்து, யாராவது வேப்பிலை கொண்டுவருவார்களா என்று பார்த்தேன். யாரும் கொண்டுவரவில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். அவனுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு இருந்த பெட்டிகள்தான் சத்தம் போடுகின்றன, இவன் சும்மா கையை ஆட்டுகிறான் என்றுதான் ஊருக்கு வந்து சொன்னேன். இன்றைக்கும் அதில் எனக்குப் பாதி நம்பிக்கை உண்டு.

பிறகு பாடுகிறவர் அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். டிரம்ஸ் அடிக்கிறவருக்கு முழங்கால் போயிற்று. பேண்டு யாரும் நிறுத்தாமல் தானாக நின்றது. தம்பி மனைவி ராஜேஸ்வரியும் தவறிப்போனாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவன் அந்தப் பெட்டியோடு, நரைத்த குடுமியோடு ஊருக்கு வந்து, என் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கிற அப்பா வீட்டில் இருந்துகொண்டான். காலையும் மாலையும் சோறு என் வீட்டிலிருந்து போகும். ஊரில் அவனுக்குக் கிட்டார்காரர் என்று பேர். சிலர் மரியாதையாகப் பெங்களூர்க்காரர் என்பார்கள்.

வந்த பிறகு, கடைசி மூன்று வருஷம், மல்லாட்டை மூட்டை அடுக்குகிற அறைக்குள் போய்ப் போய் அடைந்துகொண்டான். சுவரெல்லாம் சாக்கும் பழைய ரஜாய்ப் போர்வையும் தொங்கவிட்டான். வெளிச்சத்தம் உள்ளே வரக்கூடாதாம். ரஜாய் மூன்று என்னுடையது. அங்கே தனியாக உட்கார்ந்து எட்டுப் பாட்டு எழுதி, தானே வாசித்து, தானே பாடினான். அறுபத்து நாலு வயதில் முதல் முதலாக வாயைத் திறந்திருக்கிறான். மணலில் செருப்பை இழுத்துக்கொண்டு நடக்கிற மாதிரி ஒரு குரல். எட்டும் சேர்த்து நாற்பத்தொரு நிமிஷம். அதற்கு 'நாகநதி' என்று பேர் வைத்தான். எங்கள் ஊரை ஒட்டிப் போகிற ஆறு அது. வருஷத்தில் பத்து மாதம் மணல்தான். பாட்டும் அப்படித்தான் இருந்தது.

போன ஐப்பசியில் ஒரு நாள் காலையில் வந்து, "யக்கா, வுட்டுட்டேன்" என்றான்.

நான் மாட்டை என்று நினைத்து வெளியே ஓடினேன். பிறகுதான் தெரிந்தது, பாட்டை உலகம் முழுக்கக் கேட்கிற மாதிரி போனில் விட்டிருக்கிறான்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காது நன்றாக இருக்கிறது. அன்றிலிருந்து என் மருமகள் சரிதா சாயங்காலம் வேலை முடிந்ததும் போனை எடுத்துவைத்துக்கொண்டு, அந்தப் பாட்டுக்கு அடியில் யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படிப்பாள். இளவரசன் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்பான். பழைய ரசிகர்கள் நிறையப் பேர். ஒருவர், அண்ணா உங்கள் வேகம் எங்கே என்று கேட்டிருந்தார். ஒருவர், பாடுவதற்கு ஆள் கிடைக்கவில்லையா என்று கேட்டிருந்தார். நாலாவது பாட்டில் மட்டும் பழைய பேண்டு மாதிரி கொஞ்சம் கத்தல் உண்டு. அதற்கு வரிசையாகத் தீ படம் போட்டிருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து ஒருவர், முழுவதும் கேட்டேன், கண்ணீர் வந்தது, ஒவ்வொரு பாட்டும் முத்து என்று எழுதியிருந்தார். அது எப்போது எழுதியது பார் என்றான் தம்பி. சரிதா பார்த்தாள். பாட்டை விட்ட நாலாவது நிமிஷம்.

ஊரிலும் கேட்டார்கள். எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் சூப்பர் என்றார்கள். இளவரசன் எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்பான். எந்தப் பாட்டு சரியில்லை? எல்லாமே சூப்பர் என்பார்கள். சரி என்று வந்துவிடுவான். எல்லாம் நல்லாயிருக்கிறது என்பவன் எதையும் கேட்கவில்லை என்பது அவன் கணக்கு.

என்னிடமும் கேட்டான்.

"இன்னாக்கா, நீயாவது முழுசா கேட்டியா?"

"மூணாவதுல தூங்கிட்டேன்டா."

"நேத்தும் மூணாவதுலதானே தூங்கின?"

"அது அந்த எடத்துலதான் வருது. நா இன்னா பண்றது?"

கேட்டேன் என்று சொல்லியிருக்கலாம். கூடப் பிறந்தவன், சந்தோஷப்பட்டிருப்பான். எனக்குப் பொய் வராது. மூன்று முறை காதில் அந்தக் கருவியை மாட்டி உட்கார்த்தினான். மூன்று முறையும் முதல் பாட்டில் காது சூடாயிற்று, இரண்டாவதில் இன்னும் முடியவில்லையா என்று இருந்தது, மூன்றாவதில் தூங்கிப்போனேன். தூக்கம் நன்றாக வந்தது என்பதையும் அவனிடம் சொன்னேன். அது பாராட்டு இல்லை என்று அவன் சொன்னான்.

கார்த்திகையில் கோகுலகிருஷ்ணன் ஓசூரிலிருந்து போன் செய்தான். அப்பாவை இனிமேல் தனியாக விடமுடியாது, பொங்கல் முடிந்ததும் காரோடு வருகிறேன், கிளம்பி இருக்கட்டும் என்றான். அவன் இருப்பது எட்டாவது மாடி. மிக்ஸி போட்டால்கூடப் பக்கத்து வீட்டார் என்ன சத்தம் என்று எழுதிக் கேட்பார்களாம். கிட்டார் வேண்டுமானால் பரணில் இருக்கட்டும் என்றான். கெட்ட பிள்ளை இல்லை. அப்பா மேல் பாசம் உள்ளவன்தான். பாட்டைக் கேட்டாயா என்று தம்பி கேட்டான். டிராபிக்கில் கேட்டேன் அப்பா, சூப்பர் என்றான்.

தம்பி போனை மறு காதுக்கு மாற்றினான். பிறகு, பொங்கலுக்குள் ஓர் ஆளாவது எட்டுப் பாட்டையும் முழுதாகக் கேட்டதாகத் தெரிந்தால் நான் இங்கேயே இருக்கிறேன், இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டான். கோபத்தில் சொல்லவில்லை. கழனிக்குத் தண்ணீர் முறை பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னான். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. அவன் சொன்னால் செய்கிறவன். அப்பாவும் அப்படி. நானும் அப்படி என்று சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்வதில்லை.

அன்று மத்தியானமே நாலாவது முறையாக உட்கார்ந்தேன். சாப்பிடாமல் உட்கார்ந்தால் தூக்கம் வராது என்று நினைத்தேன். பசியோடு தூங்கினேன்.

மார்கழி பிறந்த இரண்டாம் நாள் அந்த விமர்சனம் வந்தது. சென்னையில் கோகிலவாணி என்று ஒரு அம்மாள், பாட்டைப் பற்றி எழுதுவதே வேலையாம். அவர் எழுதினால் நாலு பேர் கேட்பார்கள் என்று தம்பி இரண்டு மாதமாகக் காத்திருந்தான். எங்கள் வாசலில் வைத்துத்தான் சரிதா படித்தாள். எதிரே கோயிலில் பஜனைப் பாட்டுக்காக மைக் செட் சக்கரவர்த்தி வேப்பமரத்தின் மேல் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தான். அவனும் மரத்திலிருந்தபடியே கேட்டான்.

அந்த அம்மாள் எழுதியிருந்தது இது: "ஏழு பாடல்கள் கொண்ட இத்தொகுப்பு, இடியாக விழுந்த ஒரு கை தயங்கித் தயங்கித் தட்டுவதைக் காட்டுகிறது. பாடத் தெரியாத ஒருவர் பாடத் துணிந்திருக்கிறார். கேட்டு முடிக்கையில், பிணம் எடுக்கும்வரை பந்தலில் காத்திருக்கும் தூரத்து உறவினரின் மனநிலை வாய்க்கிறது."

சரிதா பாதியில் குரலைத் தாழ்த்தினாள். தம்பி முழுவதும் படிக்கச் சொன்னான். படித்து முடித்ததும், "ஏழுன்னா போட்டுக்கீது?" என்று கேட்டான். ஏழு என்றுதான் போட்டிருக்கிறது என்றாள். அவனுக்கு மற்றது எதுவும் வலிக்கவில்லை. எட்டை ஏழு என்று எண்ணியதுதான் வலித்தது. எழுந்து தன் வீட்டுக்குப் போய், கறுப்புப் பெட்டியைத் துடைத்து, பூட்டுக்கு எண்ணெய் விட்டான். எண்ணெய் விடுகிற வாசனை என் வீடு வரைக்கும் வந்தது.

சக்கரவர்த்தி மரத்திலிருந்து இறங்கி வந்தான். அண்ணன் பாட்டைப் பற்றிச் சென்னைப் பத்திரிகையில் போட்டிருக்கிறார்களே, எனக்கு ஒன்று கொடுக்கச் சொல்லுங்கள், ஸ்டாக்கில் இருக்கட்டும் என்றான். திட்டியல்லவா போட்டிருக்கிறார்கள் என்றேன். அவனுக்கு அது திட்டாகப் படவில்லை. சாவுக்கு ஆகும் என்று எழுத்துப்பூர்வமாகப் போட்டிருக்கிறார்களே, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டான். அவன் தொழிலில் பாட்டு மூன்று வகை. கல்யாணத்துக்கு ஆவது, கோயிலுக்கு ஆவது, சாவுக்கு ஆவது. எதற்கும் ஆகாதது என்று எழுதினால்தான் திட்டு. தம்பி ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். எதற்கு என்று சக்கரவர்த்தி சொல்லவில்லை. வாய்விட்டுக் கேட்டு வாங்கிப் போன முதல் ஆள் அவன்தான் என்பதால் தம்பிக்கு அன்று கொஞ்சம் முகம் தெளிந்திருந்தது. நானும் வாயை மூடிக்கொண்டேன். பொய் சொல்வது வேறு, சும்மா இருப்பது வேறு.

பத்து நாள் கழித்துச் சின்னக்குழந்தை இறந்துபோனாள். எனக்குக் கல்யாணமான அதே வருஷம் இந்தத் தெருவுக்கு மருமகளாக வந்தவள். ஐம்பத்தெட்டு வருஷம் தினமும் பேசியிருக்கிறோம், பாதி நாள் சண்டை. காலையில் சாணி தெளித்துவிட்டு உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். அவள் புருஷன் அருணகிரி அவளை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, நேராக என்னிடம் வந்து, "அவ போய்ட்டா, நீ வா" என்று மட்டும் சொன்னார்.

அவர்களுக்கு ஒரே மகள் நீலாவதி. நெல்லிவாசல்நாட்டில் நர்ஸ் வேலை. மலையில் ஒரு குக்கிராமத்துக்குத் தடுப்பூசி போட நடந்து போயிருந்தாள். ஆள் அனுப்பி விஷயம் சொல்லி, அவள் இறங்கி ஜீப் பிடித்து, ஜீப் விட்டு பஸ் பிடித்து வரவேண்டும். மத்தியானத்துக்கு மேல் ஆகிவிடும். மகள் வாய்க்கரிசி போடாமல் எடுக்க முடியாது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சாவு வீட்டில் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டால், எடுக்கிறவரை அதை நிறுத்தக் கூடாது. பாட்டு நின்றால் எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். கழனியில் இருப்பவன், ஏரிக்கரையில் வருகிறவன், எல்லாரும் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் நடையை முடிவு செய்வார்கள். போனில் ஆயிரம் சொன்னாலும் காது குழாயைத்தான் நம்பும். முன்பு ஒருமுறை கரண்ட் போய்ப் பாட்டு நின்றதில், பாதி வழியில் வந்த அண்ணன் ஒருவன் தங்கை முகத்தைப் பார்க்காமலேயே திரும்பிப் போய்விட்டான். அதன் பிறகு சக்கரவர்த்தி சாவுக்கு ஜெனரேட்டரோடுதான் வருவான்.

அன்றும் ஜெனரேட்டரோடு வந்தான். ஒப்பாரிப் பாட்டு வைத்திருந்த பென்டிரைவைத்தான் காணோம். முந்தின நாள் சட்டையோடு சேர்த்து அவன் பெண்டாட்டி துவைத்துவிட்டாள். பெட்டியில் இருந்தது மூன்று. ஒன்று கல்யாணப் பாட்டு, ஒன்று அம்மன் பாட்டு, ஒன்று என் தம்பி. காலை ஒன்பது மணிக்கு என் தம்பியைப் போட்டான்.

நான் சின்னக்குழந்தை தலைமாட்டில், ஐஸ் பெட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். முதலில் என்னவென்று புரியவில்லை. யாரோ மணலில் செருப்பை இழுத்துக்கொண்டு வானத்தில் நடக்கிறார்கள். பிறகுதான் உறைத்தது. எழுந்திருக்க முடியாது. தலைமாட்டில் உட்கார்ந்தவள் எடுக்கிறவரை எழுந்திருக்கக் கூடாது.

பந்தலில் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். தொண்டையில் மீன் முள் குத்திய ஆளைப் பிடித்துப் பாட வைத்திருக்கிறானே என்றார் ஒருவர். சாமியானா கட்டுகிற காசி, குழாய் பழுதா, பாட்டே இப்படியா என்று சக்கரவர்த்தியைக் கேட்டான். பாட்டே இப்படித்தான், பேப்பரில் வந்திருக்கிறது என்று சக்கரவர்த்தி சொன்னான். பேப்பரில் வந்தது என்றதும் இரண்டு பேர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அழ வந்த பொம்பளைகளுக்குத்தான் சிரமம். ஒப்பாரிப் பாட்டென்றால் எங்கே சேர்ந்துகொள்வது என்று தெரியும். இவன் பாட்டில் எங்கே மூச்சு விடுகிறான் என்றே தெரியவில்லை. கொஞ்ச நேரம் தப்பும் தவறுமாக அழுதார்கள்.

முதல் சுற்று முடிவதற்குள் இளவரசன் ஓடி வந்தான். நானூறு பேர் பார்க்க, செருப்பில்லாமல், வெளுத்த முகத்தோடு பந்தலுக்குள் நுழைந்து நேராக ஆம்ப்ளிபயரிடம் போனான்.

"நிறுத்துடா."

"நிறுத்தக் கூடாதுண்ணே."

"எம் பாட்டு, நா சொல்றேன். நிறுத்து."

"உங்க பாட்டுதாண்ணே, இல்லேன்னல. நீலாவதி வந்துனு கீது. இப்ப நிறுத்தினா, எடுத்துட்டாங்கன்னு அது வழியிலயே உக்காந்துடும். அந்தப் பாவம் உங்களுக்கா எனக்கா?"

தம்பி சின்னக்குழந்தையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அருணகிரி அவன் கையைப் பிடித்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். வந்தவர்களை உட்கார வைப்பதுதான் அன்று அவர் வேலை. யார் பாட்டு என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. அப்படித்தான் முப்பத்திரண்டு வருஷம் மேடையில் நின்றவன், குழாய்க்கு நேர் கீழே உட்கார்ந்து, தன் பாட்டை ஊரோடு சேர்ந்து கேட்டான்.

ஒன்பதிலிருந்து இரண்டரை மணி வரைக்கும் எட்டுப் பாட்டும் எட்டு முறை ஓடின. இது சரிதா போட்ட கணக்கு. மூன்றாவது சுற்றில் திட்டுவது நின்றது. அழுகிற பொம்பளைகளுக்கு இடம் பிடிபட்டுவிட்டது. ஆறாவது பாட்டில் பாடாமல் கிட்டாரை மட்டும் வாசிக்கிற ஓர் இடம் வரும், அங்கே எல்லாரும் சேர்ந்து ஒப்பாரி எடுத்தார்கள், அவன் திரும்பப் பாட வரும்போது அடங்கினார்கள். மேளக்காரர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்கள், முதல் பாட்டுக்குத் தொடையில் தட்டிப் பார்த்துவிட்டு, இதில் எங்கேயோ ஓர் அடி குறைகிறது என்று தங்களுக்குள் விவாதம் செய்தார்கள். தம்பி திரும்பிப் பார்த்தான். அந்த அடி வேண்டுமென்றே விட்டதாம். பின்னால் சொன்னான். நாலாவது பாட்டு வரும்போதெல்லாம், கத்தல் தொடங்குகிற இடத்தில் எல்லாரும் ஒருமுறை திடுக்கிட்டு ஐஸ் பெட்டியைப் பார்த்தார்கள். நான் தூங்கவில்லை. சின்னக்குழந்தை பக்கத்தில் இருக்கும்போது எனக்கு எப்போது தூக்கம் வந்திருக்கிறது.

நீலாவதியைக் கூட்டிவரப் பைக் கண்ணமங்கலம் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தது. அவள் அவசரத்தில் முன்னாலேயே அமிர்தி ரோட்டில் இறங்கி, ஏரிக்கரை வழியாக நடந்து வந்துவிட்டாள். நர்ஸ் உடையோடு, தடுப்பூசிப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே வந்தாள். அதைக் கீழே வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. நான்தான் வாங்கி வைத்தேன். பிறகு அவள் அழுதாள். எடுக்கும்போது சக்கரவர்த்தி குழாயை நிறுத்தினான். அத்தனை நேரம் அந்தச் சத்தம் இருக்கிறவரை சின்னக்குழந்தையும் வீட்டில்தான் இருக்கிறாள் என்று இருந்தது.

மறுநாள் காலையில் சோறு கொண்டுபோனபோது தம்பியிடம் சொன்னேன். நானூறு பேர் முழுதாகக் கேட்டாகிவிட்டது, நானும் கேட்டாகிவிட்டது, ஓசூருக்குப் போன் செய் என்றேன்.

"அது கணக்குல வராதுக்கா."

"ஏன் வராது?"

"எழுந்து போவ முடியாதவங்க கேட்டது கேக்கறதா? நீ தலமாட்டுல மாட்டிக்கின. அவுங்க பந்தல்ல மாட்டிக்கினாங்க. அத்த வெச்சி நா எப்டி சொல்றது?"

நானும் விடவில்லை. கோயிலில் கால் கடுக்க நின்று பார்த்தால் சாமி கணக்கில் வராதா என்று கேட்டேன். அவனும் விடவில்லை. சரி, எந்தப் பாட்டு சரியில்லை, சொல் என்றான். எனக்கு அப்போது சின்னக்குழந்தைதான் ஞாபகத்தில் இருந்தாள், பாட்டு இல்லை. சோற்றைத் தட்டில் போட்டேன். பார்த்தாயா என்றான். துணிமணியை எடுத்து மடித்துவைக்க ஆரம்பித்தான்.

சின்னக்குழந்தையின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நீலாவதி வேலைக்குத் திரும்புகிற வழியில் பையோடு எங்கள் வாசலுக்கு வந்தாள். சொல்லிக்கொண்டு போக வந்தவள் இளவரசனைப் பார்த்ததும் நின்றாள். ஏரிக்கரை ஏறும்போது அந்தப் பாட்டு காதில் விழுந்ததாகச் சொன்னாள். அது அவர் பாட்டு என்று அப்போது தெரியாதாம். அம்மாவை இன்னும் எடுக்கவில்லை என்று தெரிந்து ஓடினாளாம். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்போது நடுவில் கொஞ்சம் சத்தமில்லாமல் இருக்கும் இல்லையா, அந்த இடத்திலெல்லாம் கால் நின்றுவிட்டதாம். அடுத்தது வந்ததும் மறுபடி நடந்தாளாம். அப்படி வீடு வரைக்கும் எட்டு முறை நின்றாளாம்.

தம்பி கைநகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீ எட்டையும் கேட்டாயா என்று அவளைக் கேட்கவில்லை. எண்ணிக்கை அவள் வாயிலிருந்தே வந்துவிட்டது. பிறகு அவனுடைய வழக்கமான கேள்வியைக் கேட்டான். குரல் மட்டும் வழக்கமாக இல்லை.

"அதுல எது சரியில்லம்மா?"

நீலாவதி யோசித்தாள். "நா வூட்டுக்குள்ள வரும்போது ஒண்ணு ஓடினு இருந்துச்சே மாமா, கத்தற பாட்டு. அது வேணாம். தெனமும் வலில கத்தறவங்கள பாக்கறேன். அந்தப் பாட்டுல கத்தறவருக்கு எங்கயும் வலிக்கல."

நான் சரிதாவைப் பார்த்தேன், சரிதா என்னைப் பார்த்தாள். துக்கத்திலிருக்கும் பெண், மரியாதைக்காவது நல்லாயிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். தம்பி முகத்தில் ஒன்றும் மாறவில்லை. உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் குடித்தான். திரும்பி வந்து, அது நாலாவது பாட்டு, பழைய ரசிகர்களுக்காக வேண்டாவெறுப்பாகச் சேர்த்தது, மற்ற ஏழும்தான் நான் பாட நினைத்தது என்றான். அப்படியென்றால் சென்னை அம்மாள் ஏழு என்று எழுதியது சரிதானே என்று நான் கேட்டேன். நீலாவதி, மற்ற ஏழையும் கொடுங்கள், ஜீப்பில் கேட்டுக்கொண்டு போகிறேன் என்றாள். போனில் ஏற்றிக் கொடுத்தான். அவள் போனதும் மடித்து வைத்த துணியை எடுத்துக் கொடியில் போட்டான். துவைத்த துணிதான், எதற்குக் கொடியில் போட்டான் என்று நான் கேட்கவில்லை.

கோகுலகிருஷ்ணன் சொன்னபடி காரோடு வந்தான். ஒரு மூட்டை மல்லாட்டையும் இரண்டு பறங்கிக்காயும் ஏற்றிக்கொண்டு போனான். போகும்போது, அத்தை, காரில் முழுதாகக் கேட்டுக்கொண்டு போகிறேன் என்று என்னிடம் சொன்னான். ஆம்பூர் தாண்டியதும் போன் செய்து, அப்பா, இரண்டாவது பாட்டு கொஞ்சம் நீளம் என்றான். தம்பி அன்று இரண்டு வேளைச் சோற்றையும் ஒரே வேளையில் சாப்பிட்டான்.

சக்கரவர்த்தி இதுவரை ஆறு சாவுக்கு அந்தப் பாட்டைத்தான் போட்டிருக்கிறான். கணியம்பாடிப் பக்கத்திலிருந்துகூடக் கேட்டு வருகிறார்கள். கிட்டார்காரர் பாட்டு இருக்கிறதா என்று கேட்கிறார்களாம். நாலாவது பாட்டைத் தம்பி எடுத்துவிட்டான். அந்த இடத்தில் வேறு ஒன்று போட, திரும்பவும் அறைக்குள் அடைந்துகொண்டிருக்கிறான். என் நாலாவது ரஜாயும் அங்கே போய்விட்டது. பழைய ரசிகர்கள், நாலாவது எங்கே என்று போனில் சண்டை போடுகிறார்கள். கோகிலவாணி அம்மாள் அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை.

கோகுலகிருஷ்ணன் சொன்ன பிறகுதான் எனக்கும் தைரியம் வந்தது. எட்டு முறை கேட்டவள் என்கிற முறையில் எனக்கும் ஒரு பேச்சு இருக்கிறது. இரண்டாவது பாட்டு நீளம்தான். என் சாவுக்குப் போடும்போது அதைப் பாதியில் வெட்டிவிடு என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு அடி குறைக்க மாட்டேன், வேண்டுமானால் நீ தூங்கிக்கொள் என்கிறான்.